மலைக்காக மறித்த தண்ணீர்

1. வழியில் ஒரு வேலை

செங்கல் வாடியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் உடுக்க இரண்டு சாரம், ஒரு சேட்டு, துவாய், சவர்க்காரத் துண்டு. முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. சூளை எரிந்து முடிந்தது, கல்லை லொறியில் ஏற்றினோம், அடுத்த சூளைக்கு மண் குழைக்க நிற்கும்படி சொன்னார். எனக்கு அந்த இடம் போதும் என்று இருந்தது. "வாறன் முதலாளி" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அது இன்னும் முடிவாகவில்லை.

என் ஊர் பெரியகல்லாறு. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதன்பிறகு வாவியில் வலை இழுத்தேன், அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன், லொறியில் கிளீனராக நின்றேன். லொறிக் கதவில் இடது கைச் சுண்டுவிரலின் நுனி போனது. அது போனதால் எந்த வேலையும் நின்றதில்லை. ஓரிடத்தில் ஒரு போகம் முழுக்க நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அவ்வளவுதான் என் குறை.

கிரானுக்குப் போய் பஸ் எடுப்பதாக நினைப்பு. வெயில் சரிந்த நேரம். ஆற்றின் அணைக்கட்டுப் பக்கம் வந்தபோது ஒரு பெண் முழங்காலளவு தண்ணீரில் நின்று, நீண்ட தடியால், தண்ணீரை மூடி மிதக்கும் ஆற்றுவாழையைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஜீன்ஸ் இடுப்புவரை நனைந்திருந்தது. கழுத்தில் பெரிய கமரா. அவர் தள்ளும்போது ஆற்றுவாழைக் கூட்டம் நகர்ந்தது. தடியை எடுத்ததும் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது.

நான் சிரித்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி, பகிடியா இரிக்கா?"

"இல்ல அக்கா. நீங்க தள்ளுறீங்க, அது உங்களோட விளையாடுது."

"ஏலுமெண்டா இறங்குங்க. ஏலாட்டி வழியப் பார்த்துப் போங்க."

"இதுக்குள்ள முதலை இரிக்குமே?"

"இரிக்காம். சின்னதாம். தண்ணி விடுற விதானையார் சொன்னவர்."

"சின்னதெண்டா எவ்வளவு சின்னன்?"

"அத நான் கேக்கல்ல" என்றார். "கேட்டா இறங்கியிருக்க மாட்டன்."

பையைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். அப்படித்தான் படத்தொழிலுக்குள் வந்தேன். அந்த அக்காவின் பெயர் ஸ்டெல்லா. மட்டக்களப்பு டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். இன்றைக்கும் வருடத்தில் சில மாதம் அவருக்கு லைற்றுத் தூக்குகிறேன். ஸ்டூடியோவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், கலியாண ஹோலில் மணவறைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய மலைப் படத்தைப் பற்றிக் கேட்பார்கள். அக்கா "அவர்ட்டக் கேளுங்க" என்பார். அதனால் எழுதுகிறேன்.

2. சுவிஸ் மலை

ஆற்றுவாழையைத் தள்ளக்கூடாது, இழுக்கவேண்டும். கொக்கத்தடியால் வேரில் கொளுவிக் கரைக்கு எடுத்துப் போட்டால்தான் அது போனது போனதாக இருக்கும். இதை வாவியில் படித்திருந்தேன். இருட்டும்வரை இழுத்தோம். இடையில் அக்கா கதையைச் சொன்னார்.

டவுனில் வாவியோரம் ஒரு பெரிய கலியாண ஹோல். அதன் முதலாளி சத்தமான மனிதர். மணவறைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம் ஒட்டியிருந்தார். பனி மூடிய மலை, கீழே ஏரி, ஏரிக்குள் அதே மலை தலைகீழாக. பல காலம் எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் அங்கே கலியாணம் வைக்கத் தொடங்கினார்கள். முதலாளி அக்காவிடம் சொன்னதை அக்கா அவருடைய குரலிலேயே சொல்லிக்காட்டினார்:

"சுவிசில இருந்து வந்த மாப்பிள சொல்றான் புள்ள, 'அங்கிள், இது எங்கட வீட்டு ஜன்னலுக்குள்ளால தெரியிற மலைதானே' எண்டு! டிக்கற் போட்டு இஞ்ச வந்தும் அவனுக்கு அதே மலை! எனக்கு வெக்கமாப் போச்சு. நம்மட மலை ஒண்டு வேணும். தண்ணிக்குள்ளயும் தெரியணும். தெரியாட்டி அழகில்ல."

நம்முடைய பக்கம் வாவியும் வயலும் கடலும்தான். பார்த்த இடமெல்லாம் தட்டை. மலை என்று விரல் நீட்டக்கூடியது மேற்கே இருக்கும் குடும்பிமலை. உச்சியில் குடுமி முடிந்து வைத்ததுபோல ஒரு பாறை. அது தண்ணீரில் முழுதாக விழுகிற இடம் தேடி அக்கா ஒரு கிழமை மோட்டார் சைக்கிளில் அலைந்து, இந்த அணைக்கட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அணையால் மறிபட்டு ஆறு அங்கே குளம்போல அகன்று நிற்கும். ஆனால் பாதிக்கு மேல் ஆற்றுவாழை.

ஹோலைப் புதுப்பித்துத் திறக்க நாள் வைத்தாயிற்று. படத்தைக் கொழும்பில் அச்சடிக்க வேண்டும். நல்ல படம் கொடுத்தால் இனிமேல் அந்த ஹோலில் நடக்கும் கலியாணப் படவேலைக்கெல்லாம் அக்காவைத்தான் சொல்லுவேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்காவிட்டால் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வரும், அவர்கள் தங்கள் படத்தையும் கொண்டுவருவார்கள், பிறகு போகவும் மாட்டார்கள். அக்காவிடம் மூன்று பேர் வேலை செய்தார்கள். மாரி காலத்தில் மாதக்கணக்கில் கலியாணம் இல்லை. ஒரு ஹோல் கைக்குள் இருந்தால் அந்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை.

"அப்ப படம் கட்டாயம் வேணும்" என்றேன்.

"கட்டாயம் எண்டு சொல்லிப் பயப்படுத்தாதீங்க தம்பி. இழுங்க."

3. மலை கிடக்கும் இடம்

அக்கா கிரானில் தெரிந்த வீடொன்றில் தங்கினார். நான் அணைக்கட்டடியில் வட்டை விதானையாரின் குடிலில் படுத்தேன். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அதற்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவர்தான் வட்டை விதானை. இந்த விதானையார் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். என்னை ஆர், எவடம் என்று ஒன்றும் கேட்காமல் பாய் ஒன்றைத் தந்தார்.

அடுத்த நாள் முழுக்க விதானையாரின் தோணியிலும் தண்ணீரிலுமாக நின்று, மலை விழுந்திருக்கும் இடம் முழுவதையும் துப்புரவாக்கினேன். அட்டை கடித்தது, உப்புப் போட்டேன். பின்னேரம் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பார்த்தால், உச்சிக் குடுமியோடு மலை என் முன்னால் சிந்தாமல் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விடிய அக்கா வந்து, அணைக்கட்டின் ஓரத்தில் ட்ரைபொட்டை விரித்துக் கமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினார். எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, மலைய எங்க வெச்சிரிக்கீங்க?"

"அந்தா, அங்கதானே கிடக்கு!"

"இஞ்ச வந்து பாருங்க."

வந்து பார்த்தேன். கமராவுக்குள் மலையின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் தெரிந்தது. குடுமி இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பசேலென்று ஆற்றுவாழை.

மலை தண்ணீருக்குள் ஓரிடத்தில் கிடப்பதில்லை. பார்க்கிறவன் நகர்ந்தால் அதுவும் நகரும். நான் எனக்குத் தெரிந்த மலைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன், கமராவுக்குத் தெரிகிற மலைக்கு அல்ல. அக்கா ஏசவில்லை. கரையில் குந்தியிருந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கமராவுக்குள் பார்த்துக்கொண்டு "இடப்பக்கம், இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று கத்த, நான் இழுத்தேன்.

அந்த வேலையிலேயே வேறு சிலதும் படித்தேன். புதுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஃபோக்கஸைத் தண்ணீரின் மேல் வைக்காதீர்கள், மலையில் வையுங்கள். தண்ணீருக்குள் தெரியும் மலையும் அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. போலரைசர் கண்ணாடி பூட்டியிருந்தால் கழற்றுங்கள், அதைத் திருப்பத் திருப்ப மலை தண்ணீரிலிருந்து அழிந்துவிடும். கீழே இருக்கும் மலை எப்போதும் மேலே இருப்பதைவிட ஒரு படி இருட்டு. அதை மேலேயுள்ளதோடு சமப்படுத்தப் பாடுபடாதீர்கள், பொய்யாகத் தெரியும்.

அன்றைக்குத்தான் கண்மணி அக்காவைக் கண்டோம். ஐம்பது வயதிருக்கும். சாறியை முழங்காலுக்கு மேல் செருகி, தோளில் மண்வெட்டியோடு அணைக்கட்டால் வந்தவர், கரையில் குவிந்திருந்த ஆற்றுவாழையைப் பார்த்து நின்றார்.

"என்ன வேலை நடக்குது இஞ்ச?"

"மலையப் படமெடுக்கப் போறம் அக்கா. தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி" என்றேன்.

"மலைக்கு முகம் கழுவி விடுறீங்களாக்கும். நல்லம். எங்கட வாய்க்காலுக்கு முகம் கழுவ ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விதானையார் சொன்னார், அவருக்குக் கடைவயல், வாய்க்கால் முடிகிற இடத்தில். புருஷனுக்கு முதுகு ஏலாது. எல்லாம் அவர்தான்.

4. முறைத் தண்ணீர்

இடத்தைத் துப்புரவாக்கினால் படம் கிடைத்துவிடும் என்று நினைத்தோம். அடுத்த நாள் விடிய மேற்கே பனிப்புகார் கட்டியிருந்தது, மலையே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பகலில் எடுக்கலாம் என்றால், வெயில் ஏறியதும் கச்சான் காற்று கிளம்பிவிடும். பின்னேரம் காற்று விழும், ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மலை கரிக்கட்டிபோல நிற்கும். ஆக விடிகிற நேரம் ஒன்றுதான். மலையில் வெயில் பட்டு, காற்று எழும்பாத அந்தச் சிறு நேரம்.

புகார் விலகிய நாளில் அக்கா பறந்துகொண்டு வந்தார். மலை பளிச்சென்று நின்றது. தண்ணீரைப் பார்த்தால் மலை பொடிப்பொடியாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஆனால் தண்ணீர் நகர்ந்தது.

அணைக்கட்டின் பக்கத்தில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசு திறந்திருந்தது. விதானையார் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"விதானையார், ஏன் துறந்த?"

"முறை துவங்கிட்டு புள்ள. இனி இந்தக் கிழமை முழுக்க விடியமுன்ன துறக்கிறதுதான்."

கோடையில் செய்யும் சிறுபோகத்தில் ஆற்றில் தண்ணீர் மட்டு. அதனால் ஒவ்வொரு வயலுக்கும் முறை. அந்த முறையில் ஒவ்வொரு நாளும் முதல் தண்ணீர் கடைவயலுக்கு, அதாவது கண்மணி அக்காவுக்கு. அவருடைய நேரம் முடிந்ததும், தண்ணீர் வந்து சேர்ந்ததோ இல்லையோ, அவருடைய வாய்க்கால் வாய் அடைபட்டு அடுத்தவருடையது திறக்கும். எல்லா வயலும் குடலைப் பருவத்தில் நின்றன. கதிர் தண்டுக்குள் இருக்கும் அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் நெல் பதராகிவிடும்.

ஸ்டெல்லா அக்காவுக்கு அடுத்த நாள்தான் கடைசி நாள். படம் அன்றைக்குக் கொழும்புக்குப் போகாவிட்டால் ஹோல் திறப்புக்கு அச்சாகி வராது.

"நாளைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித் துறக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"எனக்கு ஏலும் புள்ள. நான் கதவுக்காரன்தானே. தண்ணிக்காரி கண்மணி. அவவக் கேளுங்க."

விதானையாரையும் கூட்டிக்கொண்டு கடைவயலுக்கு நடந்தோம். கண்மணி அக்கா வரம்பில் நின்று கேட்டார், முழுவதும் கேட்டார். ஸ்டெல்லா அக்கா அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஏதாவது கொடுக்கிறேன் என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இஞ்ச தண்ணி விக்கிறல்ல தங்கச்சி. மாத்தலாம். பக்கத்து வயல்காரர் எனக்கு ஒரு மணித்தியாலம் தந்தா நான் மறுகா அவருக்கு ஒண்டு குடுப்பன். அப்பிடித்தான் முறை. மாத்துறதுக்கு உங்களிட்ட எங்க வயல் இரிக்கு?"

நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவாய்க்கால் முழுக்க ஆற்றுவாழை. தண்ணீர் அதற்குள் ஒவ்வொரு வேராகத் தடவிக்கொண்டு மெல்ல வந்தது.

"அக்கா, விடியமுன்ன துறந்த தண்ணி இஞ்ச வர ஏன் இவ்வளவு நேரம்?"

"கண் தெரியல்லயா மனெ? வாய்க்கால் அடைஞ்சு கிடக்கு. என்ர முறையில பாதி வழியிலயே போகுது."

"இண்டைக்குள்ள இத நாங்க இழுத்து எடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார்.

"எடுத்தா சுறுக்கா வரும். ஒரு மணித்தியாலம் சுறுக்கா வருமா எண்டு ஆருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. விதானையாரும் சொல்ல மறுத்துவிட்டார். "தண்ணி வந்தாத்தான் தெரியும்" என்றார். வராவிட்டால் நட்டம் கண்மணி அக்காவுக்கு மட்டும். அதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். கொஞ்ச நேரம் மண்வெட்டிப் பிடியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"சரி, இழுப்பம்" என்றார். "ஆனா ஒரு கதை. குடுமியில பட்ட வெயில் இறங்கி மலையடி மரத்தைத் தொட்டுதெண்டா கதவு துறக்கணும். படம் எடுத்தீங்களோ எடுக்கல்லையோ, அது எனக்குத் தெரியா."

"துறப்பம்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

5. வாய்க்கால்

கண்மணி அக்காவின் அன்றைய முறைத் தண்ணீர் அடைபட்டதும் நாங்கள் நான்கு பேரும் வாய்க்காலுக்குள் இறங்கினோம். விதானையாருக்கு இறங்கவேண்டிய தேவை இல்லை. "சும்மா நிண்டா கால் கடுக்குது" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். நான் கொக்கத்தடியால் இழுக்க, கண்மணி அக்கா மண்வெட்டியால் வேரை வெட்ட, மற்ற இருவரும் அள்ளி வரம்பில் போட்டார்கள். ஸ்டெல்லா அக்காவின் கைகள் வெட்டுப்பட்டு எரிந்தன. துவாயைக் கிழித்துச் சுற்றிக்கொடுத்தேன்.

நடுவில் ஹோல் முதலாளி ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் எடுத்தார். அக்கா இடுப்பளவு சேற்றில் நின்று பேசினார்.

"ஓம் முதலாளி. ஓம், படவேலையாத்தான் நிக்கிறன். மலை நல்லா இரிக்கு. சத்தமா? அது... தண்ணிச் சத்தம்."

அப்போது கண்மணி அக்கா ஒரு கூடை ஆற்றுவாழையைத் தொம்மென்று வரம்பில் கொட்டினார்.

"பொய் சொல்ல நல்லா வருது தங்கச்சி" என்றார். "சேர்ச்சுக்குப் போற ஆள்தானே நீங்க?"

"கிழமைக்கொருக்காப் போறன் அக்கா. அங்க சொல்ற பாவத்தோட இதயும் சேர்த்துச் சொல்லுவன்."

மத்தியானம் கண்மணி அக்காவின் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் கறியும் வந்தது. நான்கு பேரும் வரம்பில் இருந்து சாப்பிட்டோம். அங்கிருந்து பார்த்தால் மலை வெயிலில் மங்கலாக நின்றது. இந்த மலையடியில் இவ்வளவு காலம் இருக்கிறோம், இதைப் படமெடுக்க ஒருத்தி வருவாள் என்று நினைக்கவில்லை என்றார் கண்மணி அக்கா. "அங்கால மழை நிக்குதா எண்டு பாக்கத்தான் நாங்க அதப் பாக்கிற" என்றார்.

பொழுதுபடுகிற நேரத்தில் கடைசி மதகையும் கடந்துவிட்டோம். வாய்க்கால் வெறுமையாகக் கிடந்தது. என் முதுகு என்னுடையதாக இல்லை.

6. கதவு

விடிய முன் எல்லோரும் தத்தம் இடத்தில் நின்றோம். கண்மணி அக்கா கடைவயலில். விதானையார் துருசின் சக்கரத்தில் கைவைத்தபடி. ஸ்டெல்லா அக்கா கமராவுக்குப் பின்னால் மண்ணில் படுத்தபடி. நான் அவருக்குப் பக்கத்தில், குடையைப் பிடித்தபடி. மழைக்கு அல்ல, கிழக்கே எழும்பும் வெளிச்சம் கமராவின் பின்பக்கத் திரையில் விழாமலிருக்க.

காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய்போல நின்றது. மலை மெல்லச் சிவந்து, முதலில் குடுமியில் வெயில் பட்டது. ஆனால் தண்ணீரின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. மேலே மலை முழுதாக நிற்க, கீழே பஞ்சு விரித்ததுபோல வெண்மை. மலை விழவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

வெயில் இறங்கியது. பாறை முடிந்து புதர் தொடங்கும் இடத்துக்கு வந்தது. அக்காவின் விரல் பொத்தானில் இருந்தது, அழுத்தவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பனியைப் பார்த்தேன். அது போவதாக இல்லை. வெயில் இன்னும் இறங்கியது. மலையடி மரங்களைத் தொட்டது.

விதானையார்தான் பேசினார்.

"ஒள்ளுப்பம் பொறுப்பமா புள்ள? கலையப் போகுது. எனக்குத் தெரியும், இது கலையிற பனிதான். கண்மணி அங்க நிக்கிறா, இஞ்ச நடக்கிறது அவவுக்குத் தெரியவா போகுது?"

அந்த மனிதர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். முந்தின நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர். நானும் அதைத்தான் நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். இன்னும் கொஞ்சம் நின்றால் படம் கிடைக்கும், ஹோல் கிடைக்கும், மூன்று பேருக்கு வேலை இருக்கும்.

அக்கா கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"வெயில் மரத்தைத் தொட்டிட்டு விதானையார். துறங்க."

சக்கரம் கிறீச்சிட்டது. வாய்க்காலுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா அப்படியே படுத்திருந்தார். நான் குடையை மடிக்கப்போனேன். "பிடிங்க" என்றார்.

விதானையார் சொன்னது சரிதான், அது கலைகிற பனி. கதவு திறந்து கொஞ்ச நேரத்தில் தூரக் கரையிலிருந்து அது கிழிந்துகொண்டு வந்தது. முதலில் மலையடி மரங்கள் தண்ணீரில் தெரிந்தன, பிறகு சரிவு, பிறகு பாறை. அதே நேரத்தில் துருசுப் பக்கத்திலிருந்து அசைவு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆறு அகலம். ஆற்றுவாழை ஒன்றும் தடுக்காததால் அசைவு சீராகப் பரவியது. மலை வந்துகொண்டிருந்தது, அசைவும் வந்துகொண்டிருந்தது. அக்கா விடாமல் அழுத்தினார். பிறகு எழும்பி இருந்தார்.

"என்ன அக்கா?"

"ஒண்டு இரிக்கு. ஒண்டே ஒண்டு."

திரையில் பார்த்தேன். மலை முழுதாக மேலே. கீழேயும் முழுதாக. ஆனால் கமராவுக்கு மிகக் கிட்டவாக விழுந்திருந்த குடுமியை மட்டும் ஓடுகிற தண்ணீர் பிடித்துவிட்டது. அது நீளமாக இழுபட்டு, முடிச்சு அவிழ்ந்த தலைமயிர்போலக் கிடந்தது.

நான் நின்று ரசிக்கவில்லை. கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் தண்ணீரின் தலையோடு நடந்தேன். காய்ந்த இலையும் நுரையுமாக அது எனக்கு முன்னால் போனது. எங்காவது சிக்கினால் எடுத்துவிடலாம் என்று போனேன், அது எங்கும் சிக்கவில்லை. கடைசி மதகுக்குப் பிறகு நான் ஓடவேண்டியிருந்தது.

கண்மணி அக்கா வாய்க்கால் வாயில் குந்தியிருந்தார். தண்ணீர் வந்ததும் காலை நீட்டி அதற்குக் குறுக்கே வைத்தார். பாதத்தில் மோதித் தெறித்தது. வேகத்தைக் காலால் அளக்கிறார் என்று விளங்கியது. சூரியனைப் பார்த்தார். காலை எடுத்தார். தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது.

"நேற்றையவிட வெள்ளன வந்திட்டுது" என்றார். "போய்க் கையக் கழுவுங்க. பிளேன்ரி குடிப்பம்."

7. முதலாளியின் போன்

பிளேன்ரி குடிக்கும்போது ஸ்டெல்லா அக்கா வந்து சேர்ந்தார். படத்தைப் போனுக்கு மாற்றி முதலாளிக்கு அனுப்பிவிட்டு எங்களோடு வரம்பில் இருந்தார். தேத்தண்ணீரைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. போன் அடித்தது. ஸ்பீக்கர் போடத் தேவையில்லாத குரல் அது.

"என்ன புள்ள, மலைட குடுமி அவிண்டு கிடக்கு?"

"துருசு துறந்திட்டம் முதலாளி. வயலுக்குத் தண்ணி போகுது. அதுதான் இழுபட்டிட்டு."

"படம் எடுக்குமட்டும் ஒள்ளுப்பம் மறிச்சு வெக்க ஏலாமப் போச்சா?"

அக்கா வாயைத் திறக்குமுன் கண்மணி அக்கா போனை வாங்கிவிட்டார்.

"அலோ. மறிச்சுத்தான் வெச்ச. அதுக்கு மேல மறிக்க ஏலா. உங்கட ஹோலில கலியாணத்துக்கு என்ன குடுக்கிற, சோறுதானே? அந்தச் சோத்துக்குத்தான் தண்ணி போகுது."

ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"ஆரு புள்ள அந்த மனிசி? ...சரி. ஓடுற தண்ணியெண்டு ஆக்களுக்குச் சொல்லுவம். கலியாண வீட்டில நிண்ட தண்ணிய விட வயலுக்குப் போற தண்ணி நல்லதுதான். கொழும்புக்கு அனுப்புங்க. திறப்புக்கு அவவையும் கூட்டிற்று வாங்க."

கண்மணி அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "சத்தம் போட்டாலும் ஆள் மோசமில்ல" என்றார். அக்கா ஆறிப்போன பிளேன்ரியை ஒரே மூச்சில் குடித்தார்.

8. அடுத்த வேலை

சாமான்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

"ஏறுங்க தம்பி. டவுனுக்கு வாங்க. ஸ்டூடியோவில வேலை இரிக்கு."

"வாறன் அக்கா. இப்ப இல்ல. விதானையார் ஒரு வேலை சொல்லியிருக்கார்."

கடைவாய்க்காலில் தண்ணீர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மற்ற வயல்காரரும் தங்கள் வாய்க்கால்களைத் துப்புரவாக்க ஆள் வேண்டும் என்று விதானையாரிடம் சொல்லியிருந்தார்கள். நெல் வெட்டு வரைக்கும் வேலை. இடையில் எழும்பிப் போகமாட்டேன் என்று சொன்னேன். அப்படி யாரிடமும் நான் அதற்குமுன் சொன்னதில்லை.

படத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரில் மலையை எடுக்கப் போனால், லென்ஸைத் துடைக்குமுன் ஒன்றைக் கேளுங்கள். இன்றைக்கு இந்தத் தண்ணீர் யாருடைய முறை? அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். பேசியபடி நில்லுங்கள். படத்தில் ஏதாவது இழுபட்டால் இழுபடட்டும்.

அடுத்த நாள் விடிய நடுவயல்காரரின் வாய்க்காலில் இறங்கினேன். அன்றைக்குத் துருசு வழமையான நேரத்துக்குத் திறக்கும். தண்ணீர் வந்து சேருமுன் முதல் மதகைத் தாண்டிவிடவேண்டும் என்று, கொக்கத்தடியை வேருக்குள் விட்டுச் சுறுக்காக இழுத்தேன்.